அன்றைய விலை எது?



சென்ற ரமளானுக்கு முந்திய ரமளானில் என் கையால் ஒரு கணக்குப் பிழை நேர்ந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்க எனக்கு மனமில்லை.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர், ஒருநாள் தராவீஹுக்குப் பின் என்னிடம் வந்தார். வெளிநாட்டில் இருந்த காலத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்குகளை, விலை ஏறினால் விற்கலாம் என்ற நோக்கத்தோடு வாங்கி வைத்திருந்தார். "காகிதத்துக்கு ஜகாத் கிடையாது" என்று யாரோ சொன்னதை நம்பிப் பல ஆண்டுகள் அவற்றுக்கு ஜகாத் கொடுக்கவில்லை. விடுபட்ட ஆண்டுகளுக்கெல்லாம் இப்போது கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய கவலை. ஒவ்வோர் ஆண்டும் தம்மிடம் எத்தனை பங்குகள் இருந்தன என்பதைக் காட்டும் பழைய கணக்குத் தாள்களைக் கொண்டுவந்தார். அந்தந்த ரமளானில் பங்கின் விலை என்ன என்பதை அவருடைய மகன் இணையத்தில் தேடி அச்சிட்டுத் தந்திருந்தான். எண்ணிக்கையை விலையால் பெருக்கி, இரண்டரை சதவீதம் கண்டு, கூட்டிச் சொல்வதுதான் என் வேலை. செய்து கொடுத்தேன். தொகை சிறியதாகவே வந்தது. அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுப் பெருநாளுக்கு முன்பே கொடுத்து முடித்தார்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. மதரஸா மாணவன் ஒருவனின் தந்தை, தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிபவர், என் மேசையில் கிடந்த அந்தத் தாளைப் பார்த்தார். "ஹஜ்ரத், அந்த வருஷம் இந்தப் பங்கு எழுபது சொச்சம் ரூபாய்க்கா விற்றது? நான் அப்போது ஆயிரக்கணக்கில் விலை கேட்டுவிட்டு, வாங்க முடியாமல் திரும்பியவன் ஆயிற்றே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இணையத் தாளில் இருந்த விலையும் ஒரு வகையில் உண்மையே. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஏழைகளின் ஹக்கு ஒன்று விழுந்துவிட்டது. ஒரு பங்கின் பழைய விலை என்பது எப்படி எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார்கள், பிறகு யார் திருத்துகிறார்கள் என்று நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பங்கு விலையின் வரலாறு ஆம்ஸ்டர்டாம் நகரில் தொடங்குகிறது. 1602 மார்ச் 20 அன்று டச்சுக் கிழக்கிந்திய கம்பெனிக்கு அந்நாட்டு அரசு சாசனம் வழங்கியது. அந்நாட்டில் வாழும் எவரும் கம்பெனியில் பணம் போடலாம் என்பது சாசனத்தின் விதி. ஆகஸ்ட் இறுதிவரை பெயர் எழுதிக்கொண்டார்கள். மொத்தம் சேர்ந்தது சுமார் 64 லட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் பணம் போட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்த நகரத்துப் பதிவேடு டிர்க் வான் ஆஸ் என்னும் வணிகரின் வீட்டில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வீட்டில் வேலை செய்த நேல்ட்கென் கோர்னெலிஸ் என்னும் பணிப்பெண்ணும் நூறு கில்டர் போட்டுத் தம் பெயரை எழுதுவித்தார். பெருவணிகர்களின் பெயர்களுக்கு நடுவே அந்த வரி இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

போட்ட பணத்தைக் கம்பெனி இடையில் திருப்பித் தராது. ஆனால் பங்கை மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். விற்பவரும் வாங்குபவரும் கம்பெனியின் கணக்கரிடம் நேரில் போக வேண்டும். இயக்குநர்கள் இருவர் ஒப்புதல் தர வேண்டும். கணக்கர் ஒரு பெயரிலிருந்து கழித்து மறு பெயரில் ஏற்றுவார். இத்தனை ஒழுங்காக எழுதிய கணக்கர் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதுதான் விலை. மூவாயிரம் கில்டர் முகமதிப்புள்ள பங்கு இன்னாரிடமிருந்து இன்னாருக்குப் போயிற்று என்று பதிவேடு சொல்லும். என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்லாது. அது வாங்கினவருக்கும் விற்றவருக்கும் இடையிலான செய்தி.

அப்படியானால் அக்காலத்து விலை நமக்கு எப்படித் தெரிகிறது? வணிகர்களின் சொந்தக் கணக்கு நோட்டுகளிலிருந்தும், அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களிலிருந்தும், தகராறு வந்தபோது பத்திர எழுத்தர்களிடம் பதிவு செய்த வாக்குமூலங்களிலிருந்தும் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். டச்சு ஆய்வாளர் லோடெவைக் பெட்ராம் இந்தச் சந்தையைப் பற்றியே தம் முனைவர் பட்ட ஆய்வை எழுதினார். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஹதீஸ் வகுப்பு நினைவுக்கு வந்தது. முதலாண்டு மாணவனுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடம், செய்தியைப் பார்க்குமுன் அது வந்த வழியைப் பார் என்பதே. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் விடுபட்ட கண்ணி உண்டா? அந்தக் கேள்விகளை ஒரு விலைப்பட்டியலிடமும் கேட்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இந்தக் கம்பெனியின் கதை நமக்குத் தொலைவானதும் அன்று. 1610 முதல் பழவேற்காட்டில் அதன் பண்டகசாலை இருந்தது. பின்பு ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார்கள். 1690 வாக்கில் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தையே அங்கு மாற்றிக்கொண்டார்கள். நம் கரையில் நெய்த துணிதான் கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மாற்றாகக் கைமாறியது. வள்ளல் சீதக்காதி பிறந்த கீழக்கரை மரைக்காயர்களோடு அவர்களுக்கு வணிகமும் இருந்தது, வழக்கும் இருந்தது. பெரியதம்பி என்னும் பெயர் அவர்களுடைய ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு பங்கு என்ன விலைக்குப் போயிற்று என்பதில் நாகப்பட்டினத்துத் தறிக்காரரின் உழைப்பும் ஓரளவு கலந்திருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பங்கு விலையைப் படிப்பவர் விழக்கூடிய குழிகளில் பலவும் அந்த முதல் பத்தாண்டுக்குள்ளேயே தோன்றிவிட்டன.

ஐசக் லே மெய்ர் என்னும் வணிகர், கம்பெனியின் தொடக்ககால இயக்குநர்களுள் ஒருவர், பிணக்கு ஏற்பட்டு வெளியேறினார். 1609இல் அவரும் கூட்டாளிகளும் தங்களிடம் இல்லாத பங்குகளைப் பின்னொரு நாளில் தருவதாக விற்றார்கள். விலை இறங்க இறங்க அவர்களுக்கு இலாபம். ஆகவே விலை இறங்குவதற்கான வதந்திகளையும் அவர்களே பரப்பினார்கள் என்று கம்பெனி இயக்குநர்கள் அரசிடம் முறையிட்டார்கள். 1610 பிப்ரவரியில், தன்னிடம் இல்லாத பங்கை விற்கக் கூடாது என்று அரசு தடை விதித்தது. கையில் இல்லாததை விற்கும் விஷயத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் எவ்வளவு கண்டிப்பானவை என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தடை வியப்பளிக்காது. (அந்தத் தடையை ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் முழுதாக மதிக்கவில்லை என்பது வேறு கதை.) நம் பேச்சுக்கு வேண்டியது இதுதான்: அந்த மாதங்களின் விலையை மட்டும் பிற்காலத்தில் ஒருவர் பார்த்தால், கம்பெனி நொடித்துப்போகிறது என்றே எண்ணுவார். விலை இறங்கியதற்குக் கம்பெனியின் நிலையோடு மனிதர்களின் சூதும் ஒரு காரணம் என்பதை எண் சொல்லாது.

இரண்டாவது, ஈவுத்தொகை. கம்பெனி தன் முதல் ஈவை 1610இல் கொடுத்தது. பணமாக அன்று, ஜாதிபத்திரியாக! போட்ட முதலில் 75 சதவீத மதிப்புக்கு ஜாதிபத்திரி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவ்வளவும் ஒரே நேரத்தில் கடைத்தெருவுக்கு வந்தால் விலை விழும் என்பதால் சிலர் வாங்கவே மறுத்தார்கள். அதே ஆண்டில் மிளகும் கொடுத்தார்கள். ஜாதிபத்திரியையும் மிளகையும் பெற்றுக்கொண்ட பங்கும், பெறாத பங்கும் சந்தையில் ஒரே விலைக்குப் போகுமா? போகாது. ஈவு கையை விட்டுப் போன மறுநாள் பங்கின் விலை குறைவது இயல்பு. அது நஷ்டமன்று, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட பொருள். விலைக் கோட்டை மட்டும் பார்ப்பவர் இதை வீழ்ச்சி என்பார்.

விலையை அச்சிட்டுத் தொடர்ந்து வெளியிடும் வழக்கம் லண்டனில் நிலைபெற்றது. ஜான் காஸ்டெயிங் என்னும் தரகர், ஜோனதன் காபிக்கடையை இருப்பிடமாகக் கொண்டு, 1698 முதல் நாணய மாற்று விகிதங்களையும் பங்கு விலைகளையும் ஒரே தாளில் அச்சிட்டு வாரம் இருமுறை விற்றார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை ஓதும் சமுதாயம் நாம். அன்றன்றைய விலையை அன்றன்றே எழுதிவைத்த அந்தத் தரகர் எவ்வளவு பெரிய வேலை செய்தார் என்பது நமக்குப் புரியும். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய லண்டன் விலைகளை இன்று ஆராய்கிறவர்கள் அவருடைய தாளையே முதன்மையாக நம்பியிருக்கிறார்கள்.

அச்சில் வந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. தென்கடல் கம்பெனியின் கதை பலரும் அறிந்ததே. 1720 ஜனவரியில் சுமார் 128 பவுனாக இருந்த அதன் பங்கு, அந்தக் கோடையில் ஆயிரம் பவுனை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் எழுந்த இடத்துக்கே ஏறக்குறையத் திரும்பியது. பல குடும்பங்கள் அழிந்தன. ஆனால் பலர் அறியாத ஒன்று உண்டு. அந்தக் கோடையின் இரண்டு மாதங்கள் கம்பெனியின் மாற்றுப் பதிவேடு ஈவுக்காக மூடப்பட்டிருந்தது. பதிவேடு திறந்தபின் கொடுப்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் விலையே அப்போது அச்சில் வந்தது. கையில் பணத்தைக் கொடுத்து, கையோடு பங்கை வாங்கிய விலை அதுவன்று. வருங்கால விலையை நிகழ்கால விலையின் வரிசையில் எழுதிவிட்டால், பின்னால் படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார். ஆயிரம் பவுன் என்ற எண்ணைச் சொல்லும் எத்தனையோ நூல்கள் இந்தச் சிறு விவரத்தைச் சொல்வதில்லை.

நம் நாட்டில் பம்பாய்த் தரகர்கள் மரத்தடியில் கூடிப் பின்பு 1875இல் சங்கம் அமைத்தார்கள். சென்னையில் 1920இல் ஒரு சந்தை தொடங்கி, நின்று, 1937இல் மீண்டும் வந்தது. அந்தக் காலத்துப் பங்கு விலைகள் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தன. நம் பெரியவர்களில் சிலர் அவற்றைக் கத்தரித்து வைத்ததும் உண்டு. தேசியப் பங்குச் சந்தை 1994இல் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு நாளின் விலைகளும் 'பாவ்காப்பி' என்ற கோப்பாகக் கணினியில் சேமிக்கப்படுகின்றன. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னால் தேவைப்படும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். அந்தச் சகோதரரின் நிறுவனத்தைச் சொல்லப்போவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த, எல்லாம் பொதுப் பதிவில் உள்ள இன்ஃபோசிஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். நடந்தது இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

1993இல் இன்ஃபோசிஸ் தன் பங்கை 95 ரூபாய்க்கு மக்களுக்கு வழங்கியது. அன்று நூறு பங்குகள் வாங்கியவர் 9,500 ரூபாய் கொடுத்தார். 1994இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ்; நூறு இருநூறு ஆயிற்று. 1997இல் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று, 1999இல் மீண்டும். 2000இல் பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கை ஐந்து ரூபாய்ப் பங்குகள் இரண்டாகப் பிரித்தார்கள், 1,600 ஆயிற்று. 2004இல் ஒன்றுக்கு மூன்று போனஸ், 6,400. பிறகு 2006, 2014, 2015, 2018 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஒன்றுக்கு ஒன்று. இடையில் எதையும் விற்காதவரிடம் இன்று 1,02,400 பங்குகள் இருக்கும்.

போனஸ் கொடுப்பதால் நிறுவனத்தின் சொத்து ஒரு பைசாகூடக் கூடுவதில்லை. ஒரு ரொட்டியை நான்காக வெட்டினால் ரொட்டி பெரிதாகாது. பங்கு இரட்டித்த நாளில் விலை ஏறத்தாழப் பாதியாகும். விலைக் கோட்டை வரைந்து பார்ப்பவருக்கு அந்த நாளில் நிறுவனம் பாதியாகச் சரிந்ததுபோல் தெரியும். இந்த மயக்கத்தைத் தவிர்க்கத்தான் இணையதளங்கள் பழைய விலைகளை எல்லாம் இன்றைய பங்கின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுகின்றன. இதைச் சரிக்கட்டிய விலை என்று சொல்லலாம். அப்படிச் சுருக்கினால் 1993இன் 95 ரூபாய், 1,024ஆல் வகுபட்டு ஒன்பது பைசா சொச்சமாகிறது. "அந்தக் காலத்தில் ஒன்பது பைசாவுக்குக் கிடைத்தது" என்று பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த விலைக்கு யாரும் வாங்கவும் இல்லை, யாரும் விற்கவும் இல்லை.

சரிக்கட்டிய விலை பொய்யன்று. நிறுவனம் வளர்ந்ததா, தேய்ந்ததா என்று பார்க்க அதுவே ஏற்றது. ஆனால் அது 'இன்றைய பங்கு ஒன்றுக்கு' எழுதிய விலை. அன்றைய எண்ணிக்கையோடு அதைச் சேர்க்கக் கூடாது. நான் சேர்த்தேன்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு விலையை வைத்துக்கொள்வோம். 2004 போனஸுக்கு முன்பு ஒருவரிடம் 100 பங்குகள் இருந்தன, அவருடைய ஜகாத் நாளில் ஒரு பங்கு 4,800 ரூபாய்க்கு விற்றது என்று கொள்க. அவருடைய பங்குகளின் மதிப்பு 4,80,000 ரூபாய். ஜகாத் 12,000 ரூபாய். அதன் பிறகு அந்த ஒரு பங்கு இன்றுவரை 64 பங்குகளாகப் பெருகியிருக்கிறது. ஆகவே இணையதளம் அந்த நாளின் விலையை 75 ரூபாய் என்று காட்டும். 75ஐ 100ஆல் பெருக்கினால் 7,500; ஜகாத் 187 ரூபாய் 50 காசு. பன்னிரண்டாயிரம் எங்கே, நூற்றெண்பத்தேழரை எங்கே! சரிக்கட்டிய விலையைப் பயன்படுத்துவதானால் இன்றைய எண்ணிக்கையாகிய 6,400ஆல் பெருக்க வேண்டும். அப்போது அதே 4,80,000 கிடைக்கும். அன்றைய எண்ணிக்கையைப் பயன்படுத்துவதானால் அன்றே அச்சான விலையை எடுக்க வேண்டும். பாவ்காப்பி அதற்குத்தான். அன்று சந்தை முடிந்தபோது எழுதிய எண் அதில் அப்படியே இருக்கும். பின்னால் வந்த போனஸ் அதைத் தொடாது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில தளங்கள் போனஸோடு நிற்காமல், இடையில் கொடுத்த ஈவுத்தொகைகளையும் கழித்துப் பழைய விலையை மேலும் குறைத்துக் காட்டும். முதலீட்டின் மொத்தப் பலனை அளப்பவருக்கு அது உதவும். ஜகாத் கணக்குக்கு அது உதவாது. இன்றைய எண்ணிக்கையால் பெருக்கினாலும் உண்மை மதிப்பைவிடக் குறைவாகவே வரும். அன்று ஜாதிபத்திரி போல இன்றைய ஈவும் கோட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது.

நாளையும் கவனிக்க வேண்டும். ஜகாத்தின் ஆண்டு சந்திர ஆண்டு. ஒவ்வொரு சூரிய ஆண்டிலும் அது சுமார் பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2004இன் ரமளான் அக்டோபர் நடுவில் தொடங்கியது. 2015இன் ரமளான் ஜூனில். "ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் விலை" என்று எடுத்துவிட்டால் நாள் தவறிவிடும். முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டின் ஜகாத்தே விடுபட்டுப் போகும். ஜகாத் நாள் சனி, ஞாயிறாகவோ சந்தை விடுமுறையாகவோ இருந்தால், அதற்கு முன் சந்தை நடந்த கடைசி நாளின் முடிவு விலையை எடுத்துக்கொள்வது நடைமுறை.

எந்த நாளின் மதிப்பு என்பதிலேயே இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. வணிகப் பொருளுக்கு, ஜகாத் கடமையான நாளின் மதிப்பு என்பது இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் கூற்று. கொடுக்கும் நாளின் மதிப்பு என்பது அவர்களுடைய மாணவர் இருவரின் கூற்று. விற்பனை நோக்கத்தில் வாங்கிய பங்குகளுக்கு அவற்றின் சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் என்று 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஈவுக்காக மட்டும் வைத்திருக்கும் பங்குகளுக்கு வேறு முறை சொன்னது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மத்ஹபை அறிந்த உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நான் இங்கே ஃபத்வா எழுதவில்லை. ஆலிமிடம் எந்த எண்ணைக் கொண்டுபோவது என்பதைத்தான் எழுதுகிறேன். தவறான எண்ணைக் கொண்டுபோனால் சரியான ஃபத்வாவும் தவறான தொகையில் போய் முடியும். நானே அதற்குச் சாட்சி.

வாரிசுப் பங்கீட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. வாப்பா மவ்த்தாகிவிட்டார், பெட்டியில் பங்குப் பத்திரங்கள். பத்திரத்தில் 'பத்து ரூபாய்' என்று அச்சிட்டிருக்கிறது. அதை எண்ணிக்கையால் பெருக்கி, சகோதரிகளுக்கு அதில் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, பத்திரங்களை அண்ணன் தம்பிகள் எடுத்துக்கொண்ட சம்பவத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அச்சிட்ட பத்து ரூபாய் முகமதிப்பு. அதற்கும் விற்கும் விலைக்கும் தொடர்பில்லை. வாப்பா வாங்கிய விலைக்கும் பங்கீட்டுக்கும் தொடர்பில்லை. பங்குகளையே பாகம் பிரித்துக்கொண்டால் விலைப் பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் பங்குகளை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தருவதானால், உடன்படும் நாளின் சந்தை விலையை எல்லாருக்கும் முன்னால் வைக்க வேண்டும். கூடவே, பத்திரத்தில் உள்ள எண்ணிக்கைக்குப் பிறகு போனஸ் வந்ததா என்றும் நிறுவனத்தின் பங்கு பதிவாளரிடம் கேட்க வேண்டும். நூறு என்று எழுதிய பத்திரத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பங்குகள் இருக்கலாம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. வாரிசுகள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். காகிதப் பத்திரமாகவே வைத்துக்கொண்டு விற்பதும் 2019 ஏப்ரல் முதல் இயலாது. டிமேட் கணக்குக்கு மாற்ற வேண்டும். வாப்பா வாங்கிய பழைய விலை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது வருமான வரி. பின்னால் விற்கும்போது இலாபத்தைக் கணக்கிட அந்த விலையும், 2018 ஜனவரி 31 வரை வாங்கியவற்றுக்கு அந்நாளின் உச்ச விலையும் கேட்கப்படும். அந்தக் கணக்கைத் தணிக்கையாளரிடம் விட்டுவிடுவது நல்லது.

பழைய விலைகளைப் பார்த்துப் பங்கு வாங்க நினைக்கும் இளைஞர்களும் என்னிடம் வருகிறார்கள். இன்ஃபோசிஸ் கணக்கைச் சொன்னால் அவர்கள் கண் விரிகிறது. அவர்களுக்கு நான் சத்யம் கதையையும் சொல்வதுண்டு. 2009 ஜனவரி 6 அன்று சத்யம் கம்ப்யூட்டர் பங்கு சுமார் 179 ரூபாயில் முடிந்தது. மறுநாள் அதன் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்கேடுகளில் இருந்த பணம் பெரும்பகுதி இல்லாத பணம் என்று கடிதம் எழுதினார். அன்று மாலை பங்கு நாற்பது ரூபாய்க்குக் கீழே. அதற்கு முந்திய ஆண்டுகளின் விலைகளில் ஒவ்வொன்றும் உண்மையில் நடந்த விற்பனையின் விலைதான். வாங்கியவர்கள் நம்பிய கணக்குத்தான் பொய். அறிவிப்பாளர் வரிசை முழுவதும் நேர்மையானவர்களாக இருந்தும், முதல் ஆள் பொய் சொல்லியிருந்தால் செய்தி என்னவாகும் என்பது எங்கள் வகுப்புப் பாடம்.

2013இல் அந்த நிறுவனம் டெக் மஹிந்திராவோடு இணைந்தது. பதினேழு சத்யம் பங்குக்கு இரண்டு டெக் மஹிந்திரா பங்குகள். இன்று விலைப்பட்டியலில் சத்யம் என்ற பெயரே இல்லை. தேடுபவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிழைத்திருக்கும் நிறுவனங்களின் வரலாறுகளே. மூழ்கிய கப்பல்கள் துறைமுகத்தில் நிற்பதில்லை. டச்சுக் கம்பெனியின் பங்கை 1700களில் வாங்கியவர், நூறாண்டு விலை வரலாறு தமக்குப் பின்னால் இருக்கிறது என்று நிம்மதியாக உறங்கியிருப்பார். 1780இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டது, 1781இல் நாகப்பட்டினம் போயிற்று, 1799 டிசம்பர் 31 அன்று சாசனம் முடிந்தது, கம்பெனியும் முடிந்தது.

தணிக்கை அலுவலகத்து நண்பர் சொன்ன அன்று மாலையே நான் அந்தச் சகோதரரின் கடைக்குப் போனேன். வழி நெடுகிலும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். கடைசியில், "பாய், நான் போட்ட கணக்கு தவறு" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வரவில்லை. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு, ஹஜ்ரத்?" என்று கேட்டார். தெரியாது, முதலிலிருந்து போட வேண்டும் என்றேன். கடைப் பையனிடம் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து பழைய கணக்குத் தாள்கள் அடங்கிய பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

அன்று இரவு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் முடித்தோம். மீதிக்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆயின. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி: ஹிஜ்ரி நாள், ஆங்கில நாள், அன்றைய எண்ணிக்கை, அன்றே அச்சான விலை. வந்த தொகை முன்பு கொடுத்ததைப் போல் பல மடங்கு. முன்பு கொடுத்ததைக் கழித்துக்கொண்டு, மீதியைச் சில பங்குகளை விற்றுத் தவணையாகக் கொடுத்து வருகிறார். இந்த ஷஃபானில் கடைசித் தவணை, இன்ஷா அல்லாஹ்.